மூன்றாவது ஆளுக்கு வெந்நீர் இல்லை, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்கள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. காட்பாடியில் சொந்த வீடு. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்கு மாடியில் இரண்டு அறை விட்டிருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு முன் மொட்டை மாடியில் 200 லிட்டர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வைத்தோம். போர் தண்ணீர்தான். போன வருடம் சூடு குறைந்தது, மெக்கானிக் வந்து கேஸ் அடித்துவிட்டுப் போனார். இப்போது மறுபடியும் அதே கதை. காலையில் முதல் இரண்டு பேருக்கு நல்ல சூடு, மூன்றாவது ஆளுக்கு வெதுவெதுப்புதான். 430 யூனிட் வந்துகொண்டிருந்த கரண்ட் பில் 680க்குப் போய்விட்டது. வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மழை பெய்தால் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) விழுகிறது. பைபாஸ் பண்ணிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். தொட்டிக்கு அடியில் தண்ணீரும் சொட்டுகிறது. திரும்பவும் கேஸ் தீர்ந்துவிட்டது, 5,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். கேஸ் அடிக்கலாமா, இல்லை கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கீசருக்கே போய்விடலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. கழற்ற வேண்டாம். கேஸும் இப்போதைக்கு அடிக்க வேண்டாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இஎல்சிபியை பைபாஸ் பண்ண யாரையும் விடாதீர்கள். மின்சாரம் எங்கோ பூமிக்குக் கசிகிறது என்பதால்தான் அது விழுகிறது. உங்கள் மெஷினுக்குள் தண்ணீரில் மூழ்கியபடி ஒரு ஹீட்டர் எலிமென்ட் இருக்கிறது. அதன் உறை விரிசல் விட்டிருக்கலாம், அல்லது மாடியில் இருக்கும் டெர்மினல் பாக்ஸுக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும், இஎல்சிபி இல்லையென்றால் குளிக்கிறவர் உடம்பு வழியாகக் கரண்ட் பூமிக்குப் போகலாம். கசிவு எங்கே என்று மெக்கரில் (கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி) அளந்து பார்த்துச் சரி செய்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கூடவே எர்த் கம்பி மெஷின் வரைக்கும் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இது நாளைக்குத் தள்ளிப்போடுகிற வேலை இல்லை.

சரி, இப்போது பில்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் சொன்னது அந்த இரண்டு எண்கள்தான்.

ஹீட் பம்ப், ஏசியில் இருப்பது போலக் குழாய்க்குள் சுற்றும் ஒரு கேஸை வைத்து, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. கம்ப்ரசரையும் ஃபேனையும் ஓட்ட மட்டும்தான் அதற்குக் கரண்ட் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் அளவு சூடு கிடைக்கும். 200 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற ஆறரை யூனிட் அளவு சூடு வேண்டும். கம்ப்ரசர் ஓடினால் இரண்டு யூனிட்டில் வேலை முடிந்துவிடும். கம்ப்ரசர் ஓடாமல், உதவிக்கு வைத்த எலிமென்ட் மட்டும் வேலை செய்தால் முழு ஆறரை யூனிட்டும் உங்கள் மீட்டரில் ஏறும். ஒரு நாளைக்கு வித்தியாசம் நாலரை யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 270. உங்களுக்குக் கூடியிருப்பது 250. தினமும் ஒரே அளவு தண்ணீர் செலவாகாது என்பதால் கணக்கு அச்சாகப் பொருந்தாது, ஆனாலும் இவ்வளவு பக்கத்தில் வருகிறதே. போதாக்குறைக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுவதால், யூனிட் கூடியதைவிட ரூபாய் அதிகமாகக் கூடியிருக்கும்.

மூன்றாவது ஆளுக்குச் சூடு இல்லாததும் இங்கேதான் வந்து நிற்கிறது. பல மாடல்களில் எலிமென்ட் தொட்டியின் மேல் பாதியில் இருக்கும். சூடான தண்ணீர் மேலேயே நிற்கும், கீழ்ப்பாதி பச்சைத்தண்ணீராகவே கிடக்கும். இரண்டு பேர் குளித்ததும் மேல் பாதி தீர்ந்துபோகும். அதையே எலிமென்ட் மறுபடி மறுபடி சூடாக்குவதால்தான் நாள் முடிவில் மேலே சொன்ன கணக்குப் பக்கம் யூனிட் ஏறுகிறது. கம்ப்ரசர் ஓடினால் தொட்டி முழுக்கச் சூடாகியிருக்கும். ஆக, உங்கள் மெஷின் கொஞ்ச நாளாகவே ஹீட் பம்ப்பாக வேலை செய்யவில்லை, பெரிய கீசராகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கம்ப்ரசர் நின்றுபோனதை எலிமென்ட் வெளியே தெரியாமல் மறைத்துவிடுகிறது. இந்த மெஷின்களில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

இதை மெக்கானிக் இல்லாமல் நீங்களே உறுதி செய்யலாம். காலையில் எல்லோரும் குளித்து முடித்து, தொட்டி ஆறியிருக்கும் நேரம் பாருங்கள். பிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட் பம்ப்பை மட்டும் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து மீட்டர் பெட்டியைத் திறந்தால் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள், 1600, 3200 என்று. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3200 போட்ட மீட்டரில், 750 வாட் இழுக்கும் கம்ப்ரசர் மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு 40 வரும். 2000 வாட் எலிமென்ட் மட்டும் என்றால் 107 சுமாருக்கு வரும். இரண்டும் சேர்ந்து ஓடினால் 147 வரும். உங்கள் மெஷினில் எத்தனை வாட் என்பது பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். அதைக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டிஸ்ப்ளேயில் எக்கோ மோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள். எக்கோவில் பெரும்பாலான மாடல்களில் எலிமென்ட் வேலை செய்யாது. சிமிட்டல் ஏறக்குறைய நின்றுபோனால், கம்ப்ரசர் ஓடவில்லை என்பது கையில் பிடித்த மாதிரி.

கம்ப்ரசர் ஏன் ஓடவில்லை? கேஸ் இல்லாமல் போனது பல காரணங்களில் ஒன்று மட்டும்தான். அதைவிடச் சாதாரணமான, சில்லறைச் செலவில் முடிகிற காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் கேஸுக்குப் போகக் கூடாது.

டிஸ்ப்ளேயில் ஏதாவது எழுத்தும் எண்ணும் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், ஆஃப் பண்ணிப் போடுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்துப் போட்டதும் பல மெஷின்களில் அது அழிந்துவிடும், காரணம் தேடுவதற்கு இருந்த ஒரே துப்பும் போய்விடும். தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டிருந்தால்கூடக் கம்ப்ரசர் ஓடாது. அது சின்ன விலைச் சாமான்.

அப்புறம் மாடிக்குப் போய், மெஷினுக்குக் காற்று போக இடம் இருக்கிறதா பாருங்கள். குரங்குக்குப் பயந்து தகரம் அடித்து மூடிய ஹீட் பம்ப்களை வேலூர் மாடிகளில் நிறையப் பார்க்கிறேன். பக்கத்தில் பழைய தொட்டி, உடைந்த கட்டில் என்று அடுக்கிவிடுகிறார்கள். மெஷின் வெளியே தள்ளும் குளிர்காற்றையே திரும்ப இழுத்தால் சூட்டை எங்கிருந்து எடுக்கும்? காற்று போகும் பக்கமும் வரும் பக்கமும் இரண்டடியாவது திறந்திருக்கட்டும். குரங்குக்கு அகலக் கண் வலை போதும். மெயினை அணைத்துவிட்டு அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்து, தகடுக்கும் தகடுக்கும் இடைவெளியே தெரியவில்லை என்றால், மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்து, ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

அந்தத் தகடுகளில் பனி கட்டியிருந்தால் இன்னொரு விஷயம். குளிர்நாடுகளில் ஹீட் பம்ப் பனி பிடிப்பது சகஜம், மெஷினே அதை உருக்கிக்கொள்ளும். ஏலகிரி மலைமேல் என்றால் யோசிக்கலாம். காட்பாடியில் மார்கழி விடியலில்கூடப் பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழே போகாது. இங்கே பனி கட்டினால் அது கோளாறுதான்: காற்று போகவில்லை, அல்லது கேஸ் குறைவு. குளிர்காலம், அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் உம்மென்று முனகிவிட்டு நின்றுபோகிறது, சில நிமிடம் கழித்துத் திரும்ப முனகுகிறது என்றால் முதலில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்பட வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருக்களிலும் வெயில் நேராக அடிக்கும் மாடிகளிலும் அது சீக்கிரம் பலவீனமாகும். மீட்டர் வைத்து அளந்தால் ஒரு நிமிட வேலை, விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனால் நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ அதைத் தொடாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ரிலே போர்டில் பல்லி மாட்டிச் செத்து, போர்டே போன வீடுகளும் உண்டு. மூடியைத் திறக்கும்போது மெக்கானிக்கை அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடியில் சொட்டுவது எந்தக் குழாயிலிருந்து என்று கவனியுங்கள். காற்றிலிருந்து சூட்டை எடுக்கும்போது ஈரமும் தண்ணீராக வடியும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் டிரெயின் குழாய் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதிகமாகவும் கோடையில் குறைவாகவும் வரும். இது மெஷின் ஓடுவதற்கான அடையாளம், நல்லதுதான். உங்கள் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் இது வராது. அப்படியானால் சொட்டுவது, அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வாக இருக்கலாம். 200 லிட்டர் சூடாகும்போது இரண்டு லிட்டர் அளவுக்கு விரியும். உள்ளே வரும் குழாயில், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டிருந்தால் அந்த இரண்டு லிட்டர் இந்த வழியாகத்தான் வெளியேறும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்கச் சொட்டினால் வால்வில் உப்பு சிக்கியிருக்கிறது, மாற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்த வாயில் பிளக் வைத்து அடைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்கும் நாளில், தொட்டி வெடிக்காமல் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கிறது. மூன்றாவது சாத்தியம், தொட்டியே ஓட்டையாவது. அதைத் தடுக்கிற வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் தண்ணீர் அப்படி.

உங்கள் தொட்டியின் உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்பு என்றால், நடுவில் மக்னீசியம் கம்பி ஒன்று தொங்கும். ஆனோடு ராடு என்பார்கள். தண்ணீர் தொட்டியை அரிக்காமல் இந்தக் கம்பியை அரிக்கட்டும் என்று பலிகொடுக்க வைத்ததுதான் அது. அது தீர்ந்தால் மறுநாளிலிருந்து தொட்டியை அரிக்க ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீர் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். புதிதாக இருக்கும்போது விரல் தடிமனில் வழவழவென்று இருக்கும். தீர்ந்துபோன ராடை வெளியே எடுத்தால் எலி கொறித்த கிழங்கு மாதிரி பள்ளம் பள்ளமாக, வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக்கம்பி வெளியே தெரியும். கம்பி தெரிந்தால் புதிது போட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மெஷினில் ஐந்து வருடமாக யாரும் அதைத் தொட்டதாகக் கடிதத்தில் இல்லை. மெக்கானிக் வரும்போது முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்வேன். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்திருந்தால் ராடு இன்னும் சீக்கிரம் கரையும்.

துருப்பிடிக்காத ஸ்டீல் தொட்டி என்றால் கவலை இல்லை என்று கடையில் சொல்வார்கள். பாலாற்றுப் பக்கம் அதை அப்படியே நம்ப முடியாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடித் தண்ணீரில் ஏறிய உப்பைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்புச் சொன்னது, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில். அந்த மாதிரி குளோரைடு உப்பு நிறைந்த தண்ணீரைச் சூடாக்கி வைத்தால், ஸ்டீல் தொட்டியும் பற்றவைத்த இடங்களில் ஊசித்துளை விடும். உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து, கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. காவிரித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருகிறது என்றால், வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் அதை இணைத்துவிடுவது எந்த சாஃப்ட்னரையும்விட நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியிலிருக்கும் டிரெயின் வால்வைத் திறந்துவிடுங்கள். மெஷினை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு. முதல் பக்கெட்டில் சுண்ணாம்புச் செதில்கள் தரையில் தட்டும் சத்தத்தோடு விழும். தெளிவாக வரும்வரை விடுங்கள்.

அறையில் தங்குகிறவர்கள் நோயாளிகள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 20 டிகிரிக்கும் 45க்கும் நடுவே தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அந்தத் தண்ணீரின் சாரலை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம், அதுவும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு. இப்போது உங்கள் தொட்டியின் கீழ்ப்பாதி சரியாக அந்தச் சூட்டில்தான் கிடக்கிறது. மெஷின் சரியானதும் வாரத்துக்கு ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்திருங்கள்; சில மாடல்களில் தானாகவே செய்ய ஏற்பாடு இருக்கும். மற்ற நாட்களில் 55 போதும். அதற்கு மேல் வைத்தால் கரண்டும் கூடும், சுண்ணாம்பும் வேகமாகப் படியும். 60க்கு ஏற்றும் நாளில் அறைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும், வயதானவர்கள் சட்டென்று கையை எடுக்க மாட்டார்கள்.

டைமரையும் பருவத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றுங்கள். மார்கழி, தையில் மதியம் ஓடவிட்டால் காற்றில் சூடு அதிகம், கரண்ட் குறையும். அக்னி நட்சத்திரத்தில் நேர்மாறாக, விடியற்காலையில் ஓடவிடுங்கள். பல மாடல்களுக்கு 43 அல்லது 45 டிகிரிதான் மேல்வரம்பு. மே மாத மதியத்தில் வெயில் அடிக்கும் மாடியில் அதைத் தொடுவது நம் ஊரில் பெரிய விஷயமில்லை. அந்த மாதங்களில் மெஷின் மதியம் தானாக நின்றுபோனதைப் பார்த்துவிட்டு கேஸ் போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது நன்றாக ஓடியும் தண்ணீர் சூடாகவில்லை என்றால்தான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட ஓடச் செலவாகித் தீர்கிற பொருள் அது கிடையாது. போன வருடம் உண்மையிலேயே குறைந்திருந்தால் அன்றைக்கே ஓட்டை இருந்திருக்கிறது. அதை அடைக்காமல் அடித்த கேஸ் காற்றோடு போய்விட்டது. இந்த வருடமும் 5,500 கொடுத்தால் அடுத்த வருடமும் அவர் வருவார். இன்னொன்று: வந்ததும் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜைச் சொருகாமல், முதலில் ஆம்பியரையும் குழாய்களின் சூட்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு சின்ன மெஷினில் கேஜ் சொருகிக் கழற்றும்போது போகும் கேஸே கணக்கில் வரும்.

ஓட்டை தேடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்ப்பார்கள். கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். பிறகு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, முள் இறங்குகிறதா என்று ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் மாடியை விட்டே இறக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். ஓட்டையைப் பற்றவைத்து, வாக்கும் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கேஸை, எழுதியிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். ஆர் 290 என்று எழுதியிருந்தால் அது புரொப்பேன், நம் சமையல் கேஸின் உறவு. அதில் பழக்கமில்லாதவர் கையில் டார்ச்சைக் கொடுக்காதீர்கள். பில்லில் எந்த கேஸ், எத்தனை கிராம், ஓட்டை எந்த இடம் என்று எழுதி வாங்குங்கள்.

ஓட்டை எங்கே என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வியை முடிவு செய்யும். தகடுகள் இருக்கும் பக்கத்திலோ வெளியே தெரியும் இணைப்பிலோ என்றால் தயங்காமல் சரி செய்யுங்கள். ஐந்து வருட மெஷினுக்கு அந்தச் செலவு தகும். தொட்டியைச் சுற்றியிருக்கும் ஃபோமுக்கு உள்ளே என்றால், அங்கே சுற்றியிருக்கும் குழாயை வீட்டில் வைத்துச் சரி செய்ய முடியாது. தொட்டியே அரித்து ஓட்டையானாலும் அதே கதைதான். அந்த இரண்டு நிலைமையில் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் 200 லிட்டர் செலவாகும் வீட்டுக்குக் கீசர் வேண்டாம், இப்போது வந்த 680 யூனிட் பில்தான் கீசரின் பில். புதிதாக வாங்குவதற்கு முன் தண்ணீர் ஆய்வு முடிவைக் கடைக்காரரிடம் காட்டி, இந்தக் குளோரைடுக்குத் தொட்டி உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பழையதை எடைக்குப் போடும் முன், அதில் மிச்சமிருக்கும் கேஸை மெக்கானிக்கிடம் சொல்லிச் சிலிண்டரில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குழாயை அறுத்துக் காற்றில் விட்டுவிட வேண்டாம்.